கண் சிமிட்ட முடியாவிட்டாலும் கணக்கு உண்டு: மாற்றுத்திறனாளிகளின் டிஜிட்டல் உரிமைகள்



வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம், மருத்துவரிடம் முன்பதிவு, மின்கட்டணம், ரயில் டிக்கெட் என்று அன்றாடக் காரியங்களில் பெரும்பாலானவை கைப்பேசித் திரைக்குள் வந்துவிட்டன. வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதால் நம்மில் பலருக்கு இது பெரிய வசதி. ஆனால் பார்வையற்ற ஒரு சகோதரருக்கும், காது கேளாத ஒரு சகோதரிக்கும், கைவிரல் ரேகை தேய்ந்துபோன ஒரு பெரியவருக்கும் அதே திரை பூட்டிய கதவாக நிற்கிறது. முன்பு அலுவலகத்தில் ஒரு மனிதர் இருந்தார். நிலைமையைச் சொன்னால் புரிந்துகொள்வார். இப்போது திரையில் 'சரிபார்ப்பு தோல்வி' என்று வருகிறது. அதோடு முடிந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். அன்று கணக்கில் எடுக்கப்பட்ட குறைபாட்டு வகைகள் எட்டுதான். இன்றைய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. ஆகவே இது யாரோ ஒருசிலரின் பிரச்சினை அல்ல. நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் இதனால் பாதிக்கப்படும் குடும்பங்கள் உண்டு. முதுமையில் பார்வை மங்கும்போதும் கை நடுங்கும்போதும் நம்மில் யாரும் அந்த வரிசையில் சேரலாம்.

உதவி செய்யுங்கள் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. இவை உதவி அல்ல, சட்டம் தந்த உரிமை என்பதையும், அந்த உரிமையைக் கேட்டுப் பெறும் வழியையும் விளக்கவே எழுதுகிறோம்.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

முதலில் ஒரு முக்கியமான வழக்கு. அமில வீச்சால் முகமும் கண்களும் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் என்ற பெண்மணி 2023-ல் கணக்கு தொடங்க ஒரு வங்கிக்குச் சென்றார். கேமரா முன் கண் சிமிட்டினால்தான் அவர் உயிருள்ள மனிதர் என்று மென்பொருள் ஏற்கும் என்றார்கள். நிழற்படத்தைக் காட்டி யாரும் ஏமாற்றக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட சோதனை அது. அவரால் கண் சிமிட்ட இயலாது. கணக்கு மறுக்கப்பட்டது. அவரும் அவரைப் போன்று பாதிக்கப்பட்ட வேறு சிலரும் உச்ச நீதிமன்றம் சென்றனர். முழுப் பார்வையிழப்புள்ள அமர் ஜெயின் என்ற வழக்கறிஞரும் இதே கோரிக்கையுடன் தனி மனு தாக்கல் செய்தார். கேமராவில் முகத்தைச் சரியான இடத்தில் நிறுத்துவது, திரையில் மின்னி மறையும் எண்ணைப் படிப்பது, ஒரே மாதிரி கையெழுத்திடுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்வையற்றவர் தடுக்கப்படுகிறார் என்பது அவருடைய வாதம்.

2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி மகாதேவன். டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு கூறியது. கூடவே 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. நமக்குப் பயன்படும் சிலவற்றை எளிமையாகச் சொல்கிறோம்:

• உயிருள்ளவரா என்று சரிபார்க்கக் கண் சிமிட்டுவதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது. மாற்று வழிகள் இருக்க வேண்டும்.

• டிஜிட்டல் கே.ஒய்.சி.யில் கைநாட்டை, அதாவது பெருவிரல் ரேகையை, ஏற்க வேண்டும்.

• காகிதத்தில் விண்ணப்பித்து நேரில் சரிபார்க்கும் பழைய முறையும் தொடர வேண்டும்.

• மென்பொருள் நிராகரித்த விண்ணப்பத்தை ஒரு மனித அதிகாரி மறுபரிசீலனை செய்து ஏற்கும் வழி வேண்டும்.

• மாற்றுத்திறனாளிகளுக்கென உதவி எண்ணும் குறைதீர்ப்பு முறையும் வேண்டும்.

• இணையதளங்களையும் செயலிகளையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் தணிக்கை செய்ய வேண்டும்.

இதைத் தொடர்ந்து 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தன் கே.ஒய்.சி. விதிகளைத் திருத்தியது. உயிர்ப்புச் சோதனையின் பெயரால் சிறப்புத் தேவை உள்ளவர்கள் ஒதுக்கப்படக் கூடாது. யோசிக்காமல் எந்த விண்ணப்பத்தையும் நிராகரிக்கக் கூடாது. நிராகரித்தால் அதிகாரி காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பவை அதில் சேர்ந்தன.

புதிய கணக்கு தொடங்குபவர்களுக்கு மட்டும் இது தேவைப்படும் என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்களும் 2, 8 அல்லது 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை கே.ஒய்.சி.யைப் புதுப்பித்தாக வேண்டும். அந்த நேரத்தில் சரிபார்ப்பு நடக்காமல் போனால் மாத உதவித்தொகை கணக்கில் வந்தும் எடுக்க முடியாமல் முடங்கிவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

இந்தத் தீர்ப்புக்கு அடிப்படை, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதில் நான்கு பிரிவுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பிரிவு 42: அச்சு, ஒலி, மின்னணு ஊடகங்களில் வரும் செய்திகள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒளிபரப்புகளில் ஒலி விளக்கம், சைகை மொழி, எழுத்து வரிகள் இருக்க வேண்டும்.

பிரிவு 46: அரசு நிறுவனமோ தனியார் நிறுவனமோ, சேவை வழங்கும் எவரும் விதிகள் வெளியான இரண்டு ஆண்டுகளுக்குள் தம் சேவைகளை அணுகத்தக்கதாக மாற்றியாக வேண்டும். விதிகள் வெளியானது 2017 ஜூன் மாதம். அந்தக் கெடு 2019-லேயே முடிந்துவிட்டது.

பிரிவு 89: சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் வரை அபராதம். இது வெறும் காகிதப் பிரிவு அல்ல. இணையதளங்களையும் செயலிகளையும் தணிக்கை செய்யத் தவறிய நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு மத்திய தலைமை ஆணையர் 2025-ல் அபராதம் விதித்தார்.

பிரிவு 13: சொத்து வைத்திருக்கவும், வாரிசுரிமை பெறவும், தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கவும், வங்கிக் கடன் வாங்கவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு.

இன்னொரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும். ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் தொடர்ந்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தொடர்பான 15-ஆவது விதி சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. அந்த விதி வெறும் பரிந்துரைகளாக இருப்பதுதான் காரணம். 'முடிந்தால் செய்யுங்கள்' என்ற தோரணை போதாது, கட்டாயத் தரங்கள் வேண்டும் என்று சொல்லி, அவற்றை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் அளித்தது.

பார்வையற்றவர் கைப்பேசியை எப்படிப் பயன்படுத்துகிறார்?

இதை அறிந்தால்தான் எங்கே தடை வருகிறது என்பது விளங்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்ற வசதிகள் ஏற்கெனவே உள்ளன. தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று இயக்கினால் போதும். விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கைப்பேசி குரலில் சொல்லும். இரண்டு முறை தட்டினால் அது திறக்கும். கணினிக்கு 'என்.வி.டி.ஏ.' என்ற இலவச மென்பொருள் உண்டு. இவை தமிழையும் படிக்கும்.

ஆனால் இந்த மென்பொருள்கள் எழுத்தைத்தான் படிக்கும். செயலியை உருவாக்கியவர் ஒரு பொத்தானுக்குப் பெயர் கொடுக்காமல் அம்புக்குறிப் படத்தை மட்டும் வைத்திருந்தால், 'பொத்தான்' என்று மட்டும் குரல் சொல்லும். அது பணம் அனுப்பும் பொத்தானா, அழிக்கும் பொத்தானா என்று தெரியாது. கோணலான எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் 'கேப்சா', ஒலி வடிவம் இல்லாவிட்டால் கடக்க முடியாத மதில். ஓ.டி.பி.யை அரை நிமிடத்துக்குள் அடிக்கச் சொன்னால், குரலில் கேட்டு அடிப்பவருக்கு நேரம் போதாது. இவற்றைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. வடிவமைக்கும்போதே நினைவில் வைத்திருந்தால் போதும்.

காது கேளாதவர்களின் தடை வேறு மாதிரி. 'உங்கள் எண்ணுக்கு அழைப்போம், பேசி உறுதி செய்யுங்கள்' என்று ஒரு நிறுவனம் சொன்னால் அவர் என்ன செய்வார்? எழுத்து வழியாகவோ சைகை மொழி வழியாகவோ உறுதி செய்யும் ஏற்பாடு அவருக்கு வேண்டும். தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களுக்கும் விரல்களை இழந்தவர்களுக்கும் கைரேகைக் கருவியே தடை. ஆதார் பதிவில் விரலோ கருவிழியோ பதிய முடியாதவர்களுக்கு விதிவிலக்கு முறை இருக்கிறது. ரேஷன் கடைக்கு வர இயலாதவர்கள் தம் சார்பில் வேறொருவர் பொருள் வாங்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். 2025 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டுக்கே பொருள் வருகிறது.

வங்கியில் உங்களுக்குள்ள உரிமைகள்

• பார்வையற்றவர் என்பதற்காகக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, இணைய வங்கிச் சேவை, லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி 2008-லேயே இதை வங்கிகளுக்குத் தெளிவுபடுத்திவிட்டது.

• 2014 ஜூலைக்குப் பின் நிறுவப்படும் ஏ.டி.எம்.கள் பேசும் வசதியும் பிரெயில் விசைகளும் கொண்டிருக்க வேண்டும். காதணிபேசியைப் பொருத்தினால் திரையில் உள்ளதைக் கேட்கலாம்.

• 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளை வழங்க வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது.

• கையில் உள்ள ரூபாய் நோட்டு எத்தனை ரூபாய் என்று குரலில் சொல்லும் 'மணி' என்ற இலவசச் செயலியை ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்டது. இணையம் இல்லாமலும் அது வேலை செய்யும்.

மறுத்தால் என்ன செய்வது?

முதலில், வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். திரையில் தோல்வி என்று வந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் மாதிரி இதோ:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, நான் பார்வைக் குறைபாடு (அல்லது பிற குறைபாடு) உள்ளவன். தனித்துவ அடையாள அட்டை நகல் இணைத்துள்ளேன். ........ தேதியில் தங்கள் செயலியில் கே.ஒய்.சி. சரிபார்ப்பு என்னால் இயலாத முறையில் இருந்ததால் நிறைவேறவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படியும், 2025 ஏப்ரல் 30 தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படியும் எனக்கு மாற்று வழியில் சரிபார்ப்பு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாது எனில் அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். காரணத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டவுடன் வழி பிறக்கும் இடங்கள் பல.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவோ தபாலிலோ முறையிடலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

வங்கி அல்லாத பிற சேவைகளுக்கு, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம். மத்திய அரசு நிறுவனமானால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடம் கொடுக்க வேண்டும். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இவர்களுக்கு உண்டு. இவர்களின் பரிந்துரை மீது மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் வைத்துத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை.

இவை எல்லாவற்றிற்கும் தனித்துவ அடையாள அட்டை, அதாவது யு.டி.ஐ.டி. அட்டை, கையில் இருப்பது நல்லது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அட்டை எடுத்தால் பெண் பிள்ளையின் திருமணம் தடைபடும் என்று பெற்றோர் சிலர் தயங்குகிறார்கள். அட்டை இல்லாததால் அந்தப் பிள்ளை இழப்பது உதவித்தொகையையும் படிப்புச் சலுகையையும் வேலை ஒதுக்கீட்டையும். மறைப்பதால் குறை மறைவதில்லை, உரிமைதான் மறைகிறது.

வீட்டுக்குள்ளே ஒரு கேள்வி

வங்கியிடமும் அரசிடமும் கேட்பதற்கு முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். பார்வையற்ற அத்தாவின் ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் மகனிடம், காது கேளாத சகோதரியின் கைப்பேசி அண்ணனிடம், ஓ.டி.பி. வருவது வேறொருவர் எண்ணுக்கு. பெரும்பாலும் இது அன்பினால்தான் நடக்கிறது. ஆனாலும் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் ஒரு மனிதரை வைத்திருப்பது சரியா? சொத்துப் பங்கீட்டு நேரத்தில் இதுவே பெரிய அநீதிக்கு வழி திறந்துவிடும். பிரிவு 13 இதையும் கவனித்திருக்கிறது. உதவி செய்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் ஒரு பணப் பரிவர்த்தனையிலோ சொத்து விஷயத்திலோ நலன் மோதினால், அந்த விஷயத்தில் உதவியாளர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது. ரத்த உறவு என்பதனாலேயே சந்தேகப்படவும் கூடாது என்றும் சொல்கிறது. அத்தாவின் கைப்பேசியில் டாக்பேக்கை இயக்கிக் கொடுத்து, ஒரு வாரம் பக்கத்தில் அமர்ந்து பழக்குங்கள். காலமெல்லாம் அவருக்காக நாம் பட்டனை அழுத்துவதைவிட அது பெரிய உபகாரம்.

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்களிடம் பாங்கு சொல்லும் பொறுப்பு இருந்தது. நபி (ஸல்) அவர்கள் வெளியே சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரக்கம் காட்டி ஓரமாக உட்கார வைக்கவில்லை, பொறுப்பைக் கையில் கொடுத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

ஜனாஸா அறிவிப்பு, நோன்பு கால அட்டவணை, மருத்துவ முகாம், பைத்துல்மால் உதவி அறிவிப்பு என்று எல்லாமே வாட்ஸ்அப்பில் அழகான வண்ணப் படமாக வருகின்றன. பார்வையற்றவரின் கைப்பேசி அதை 'படம்' என்று மட்டும் சொல்லும். பக்கத்துத் தெரு ஜனாஸா அவருக்குத் தெரியாமலே போய்விடும். இதற்குத் தீர்வு எளிது:

• படத்தின் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் தட்டச்சு செய்து அனுப்புங்கள். பெயர், நேரம், இடம் இருந்தால் போதும்.

• பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், குரல் மென்பொருளுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடு தமிழில் மட்டும் அடிக்கச் சொல்லி அச்சகத்தாரிடம் கேளுங்கள்.

• விண்ணப்பப் படிவத்தை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கினால் அதுவும் வெறும் படமே. எழுத்தாகப் படிக்கக்கூடிய கோப்பாகவே வெளியிடுங்கள்.

• ஜும்ஆ பயான் வீடியோக்களில் எழுத்து வரிகள் சேருங்கள். காது கேளாதவருக்கு பயானில் உள்ள பங்கு அதுதான்.

• வெளிர் மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து போன்ற அலங்காரங்களைத் தவிருங்கள். மங்கிய பார்வை உள்ள பெரியவர்களுக்கும் அது உதவும்.

நம் அறக்கட்டளை அலுவலகத்தில் யு.டி.ஐ.டி. விண்ணப்பம், மேலே உள்ள மாதிரிக் கடிதம், ஆணையருக்கான மனு ஆகியவற்றை எழுதிக் கொடுக்கத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் குரல் வசதியைப் பழக்கிக் கொடுக்கவும் தயாராக உள்ளோம். அலுவலகத்துக்கு வர இயலாதவர்கள் சொல்லியனுப்பினால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம். கணினி தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம் தந்தால் இன்னும் பல வீடுகளை எட்டலாம்.

இந்த இதழ் உங்கள் வீட்டுக்கு வந்ததும், தாமே படிக்க இயலாத ஒருவருக்கு இந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள். அவருடைய உரிமை அவருக்குத் தெரிவது முதல் படி. மீதிப் படிகளை நாம் சேர்ந்து ஏறுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்